20,000 ரூபாய்க்குள்ள சின்ன சிபியு: ஜெராக்ஸ் கடைக்கு எது சரிப்பட்டு வரும்?

பட்டுக்கோட்டை ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டையில தாலுகா ஆபீசுக்குப் பக்கத்துச் சந்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுக்குறது, தமிழ் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், போட்டோவை 50 கேபிக்குள்ள சுருக்குறது, ஆதார் கைரேகை வச்சுப் பணம் எடுத்துக் குடுக்குறதுன்னு வண்டி ஓடுது. போன வாரம் மழையோட மழையா சிபியு போயிடுச்சு. டப்புன்னு ஒரு சத்தம், கருகுன வாடை, அவ்வளவுதான். மூடியைக் கழட்டிப் பார்த்தா, உள்ள கரண்ட் குடுக்குற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ள ஒரு பல்லி. உடம்பு கரிக்கட்டையாகி, வால் மட்டும் கம்பி வலைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தலையில விழுந்தா கலகம், பாதத்துல விழுந்தா பயணம்னு பஞ்சாங்கத்துல வரிசையாப் பலன் போட்டிருக்காங்க. சிபியுல விழுந்தா என்னன்னு மட்டும் போடல. இப்பத் தெரிஞ்சுபோச்சு, தண்டச் செலவு.

பழசு 2012ல அசெம்பிள் பண்ணினது. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. எஸ்எம்பிஎஸ் மட்டும் மாத்தினா ஓடும்னு ஒருத்தர் சொன்னார். மதர்போர்டும் போயிடுச்சுன்னு இன்னொருத்தர் சொன்னார். எப்படியும் நாலு டேப் திறந்தா மூச்சு வாங்குது, போதும்னு முடிவு பண்ணிட்டேன்.

கடை 8க்கு 6 அடி. அதுல பாதி ஜெராக்ஸ் மெஷின். கார்த்திகை மழையில வாசப்படி தாண்டித் தண்ணி வரும், அதனால தரையில இனிமே எதையும் வைக்கிறதா இல்ல. மானிட்டருக்குப் பின்னாடியே மாட்டுற மாதிரி தம்மாத்துண்டு சிபியு இருக்குன்னு பையன் காட்டினான். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா அது தாங்குமா?

எனக்கு நாலு விலை வந்திருக்கு. ஒண்ணு, டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 மைக்ரோ, ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்பெல்லாம் சேமிக்கிற டிஸ்க்), பழசைப் புதுப்பிச்சது, 11,500. ரெண்டு, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, கொஞ்சம் பெரிய பெட்டி, ஐ5, 8 ஜிபி, 256, அதுவும் புதுப்பிச்சது, 16,000. மூணு, ஆன்லைன்ல புதுசா ஒரு மினி பிசி, என்100 பிராசசர்னு போட்டிருக்கு, 14,500. நாலாவது, இங்கயே ஒரு கடையில "புது ஐ7, புது போர்டு, ஒரு வருஷ வாரண்டி, 12,000"ங்கிறாங்க. என் வீட்டுக்காரர் நாலாவதுல நிக்கிறார். ஐ7னா ஐ5ஐ விடப் பெருசுதானேங்கிறார். எனக்கு என்னமோ உறுத்துது.

மானிட்டர் பழைய 19 இஞ்ச், விஜிஏங்கிற பழைய இணைப்பு மட்டும்தான். பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. ஸ்கேனர் ஒண்ணு, கைரேகை மெஷின் ஒண்ணு. ஒரு நாளைக்கு 30, 40 பென்டிரைவ் வரும். யோசனை சொல்லுங்க.


திருப்புளி:

வணக்கங்க அக்கா. நான் கோயமுத்தூருங்க. 14 வருசமா ஆபீஸ்களுக்கு சிஸ்டம் சர்வீஸ் பண்ணிட்டு இருக்கறன். முதல்ல அண்ணங்கிட்ட சொல்லிப்போடுங்க, அந்த நாலாவதைத் தொடவே வேண்டாம்னு. 12,000 ரூபாய்க்குப் புது ஐ7 உலகத்துலயே கெடையாதுங்க. அது 2011, 2012ல வந்த ரெண்டாம், மூணாம் தலைமுறை ஐ7. பழைய பிராசசரைப் பொறுக்கிட்டு வந்து, எச்61னு ஒரு மட்டமான போர்டைப் புதுசா வாங்கி அதுல சொருகி, பளபளன்னு ஒரு டப்பாவுல போட்டுக் குடுப்பாங்க. போர்டும் டப்பாவும் புதுசுதான், பொய் சொல்லல. உசுரு மட்டும் உங்க பழைய சிபியு வயசு. பல்லி செத்த வீட்டுலயே திரும்பக் குடி போற மாதிரிங்க அது.

ஐ5, ஐ7ங்கறது சாதிப் பேரு மாதிரி. அதை வெச்சு ஆளை எடை போடக் கூடாது. பக்கத்துல கோடு போட்டு ஒரு நம்பர் இருக்குமுங்க, அதைப் பாருங்க. ஐ5-7500னா ஏழாம் தலைமுறை, ஐ5-8500னா எட்டாம் தலைமுறை. ஏழுக்கும் எட்டுக்கும் ஒரு படிதானேன்னு தோணும். ஆனா ஏழு வரைக்கும் டெஸ்க்டாப் ஐ5க்கு 4 கோர் (பிராசசருக்குள்ள வேலை செய்யற மூளை), எட்டுல 6 கோர். அதை விட முக்கியம், விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கறது எட்டாம் தலைமுறையில இருந்துதானுங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. பதிஞ்சு வெச்சா இன்னொரு வருசத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அதுக்கப்புறம் அதுவும் இல்ல. ஆதார் வெச்சுப் பணம் எடுக்கற கடையில அப்டேட் வராத மெஷினை வெக்காதீங்க.

பெட்டியைத் திறக்காமயே தலைமுறை தெரிஞ்சுக்கலாமுங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ்ல 3050, 5050, 7050ன்னு 50ல முடிஞ்சா ஆறு இல்லீன்னா ஏழு. 60ல முடிஞ்சா எட்டு. 70ல முடிஞ்சா எட்டு இல்லீன்னா ஒம்பது. எச்பி எலைட்டெஸ்க் 800ல ஜி3ன்னா ஆறு, ஏழு. ஜி4 எட்டு. லெனோவா திங்க்சென்டர்ல எம்710 வேண்டாம், எம்720, எம்920 நல்லது. உங்களோட முதல் விலை 7050, அது கழண்டுருச்சு. கடைக்காரர் "விண்டோஸ் 11 ஓடுது பாருங்க"ன்னு போட்டே காட்டுவாரு, ஏமாந்துறாதீங்க. தகுதி இல்லாத மெஷின்லயும் சோதனையைத் தாண்டிக் குதிச்சு ஏத்த வழி இருக்குது. இன்னைக்கு ஓடும். பெரிய அப்டேட் வரும்போது பல்லை இளிக்கும்.

இந்த மெஷினெல்லாம் எங்கிருந்து வருதுன்னு சொல்றனுங்க. ஐடி கம்பெனி, பேங்க் இவங்க மூணு நாலு வருசத்துக்கு லீஸ் எடுப்பாங்க. முடிஞ்சதும் லாரி லாரியா வெளிய தள்ளுவாங்க. ஏசி ரூம்ல உட்கார்ந்து எக்செல் மட்டும் பார்த்த மெஷின், பெரிசா தேய்மானம் இருக்காது. அதனாலதான் நான் அசெம்பிளை விட இதைச் சொல்றது.

இப்ப சைஸு. ரெண்டு ஜாதிங்க. எஸ்எஃப்எஃப்னு சொல்றது 29க்கு 29 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட உசரம் இல்லாத பெட்டி, உங்க ரெண்டாவது விலை அதுதான். மைக்ரோ, டைனி, மினின்னு ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சிருக்கறது 18க்கு 18, மூணரை சென்டிமீட்டர் தடிமன், டிபன் பாக்ஸ் மூடி கணக்கா இருக்கும். பெரிசுல மேஜை கம்ப்யூட்டருக்குப் போடற சாதா ரேம், சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட இடம், பழைய 3.5 இஞ்ச் ஹார்டு டிஸ்க் மாட்ட இடம் எல்லாம் இருக்கும். சின்னதுல லேப்டாப் ரேம், எம்.2 எஸ்எஸ்டி ஒண்ணு, கூட 2.5 இஞ்ச் டிஸ்க் ஒண்ணு, அவ்வளவுதான்.

பெரிசுல எனக்கு ஒரே குறைங்க. உள்ள இருக்கற எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியே வடிவம் பண்ணினது. கடையில கெடைக்கற சாதா எஸ்எம்பிஎஸ் உள்ள போகவும் போகாது, வயரும் சேராது. போச்சுன்னா அதே மாடல்ல பழசு தேடி அலையணும். கோயமுத்தூர்ல நான் தேடிக்குவன், நீங்க பட்டுக்கோட்டையில எங்க போவீங்க? சின்னதுல அந்தத் தொல்லை இல்ல. லேப்டாப் மாதிரி அடாப்டர் வெளிய இருக்குது. 230 வோல்ட் பெட்டிக்குள்ளயே வராது, வெறும் 20 வோல்ட்தான் வரும். அடாப்டர் நாலு பக்கமும் ஒட்டி மூடினது, பல்லி போக சந்து இல்ல. உங்க கதையைக் கேட்டப்புறம் இதைத்தான் முதல்ல சொல்லோணும்னு தோணுச்சு.

ஆனா அந்த அடாப்டரை வாங்கும்போதே பாருங்க. டெல்லுல அடாப்டர் பின்னுக்கு நடுவுல மெல்லிசா ஒரு ஊசி இருக்கும். அது வழியாத்தான் இது நம்ம அடாப்டர், இத்தனை வாட்டுன்னு மெஷின் தெரிஞ்சுக்கும். டூப்ளிகேட்டைப் போட்டா ஓடும், ஆனா பிராசசரை இழுத்துப் புடிச்சு ஓட்டும். போன வருசம் ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல, வாங்கின நாள்ல இருந்தே நத்தை மாதிரி ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. ரேம் மாத்தி, விண்டோஸ் மாத்தி, அரை நாள் மண்டையை ஒடைச்சுட்டுக் கடைசியில ரீஸ்டார்ட் பண்ணும்போது அடாப்டரை அடையாளம் தெரியலைன்னு ஒரு வரி வந்துட்டுப் போச்சு. வித்த கடைக்காரர் ஒரிஜினல் அடாப்டரைத் தனியா வித்துப்போட்டு லோக்கலைக் குடுத்திருக்காரு. ஒரிஜினல் மாட்டினதும் பறந்துச்சு.

மானிட்டருக்குப் பின்னால மாட்டற ஆசையை மட்டும் விட்ருங்க அக்கா. அது பேங்க்காரங்களுக்கு. உங்களுக்கு நாளைக்கு 40 பென்டிரைவ். ஒவ்வொண்ணுக்கும் மானிட்டரைக் கட்டிப் புடிச்சுப் பின்னால தடவிட்டு இருப்பீங்களா? செவுத்துல ஒரு சின்னப் பலகை அடிச்சு, கண்ணுக்கு நேரா வெச்சுக்குங்க. இன்னொண்ணு, கஸ்டமர் பென்டிரைவை நேரா சிபியுல குத்தவே குத்தாதீங்க. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி மேஜை விளிம்புல ஒட்டிருங்க. இழுத்து, வளைச்சு, தலைகீழாச் சொருகி என்ன பண்ணினாலும் போறது நூறு ரூபாய் கேபிள். போர்ட் ஆட்டங் கண்டா மதர்போர்டைக் கழட்டோணும்.

மானிட்டருக்கு எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வேணும். வெறும் கேபிள் வேலை செய்யாது, நடுவுல சின்னதா ஒரு சர்க்யூட் இருக்கற கன்வெர்ட்டராப் பார்த்து வாங்குங்க. எல்பிபி 2900க்கு 64 பிட் டிரைவர் இருக்குதுங்க, நானே விண்டோஸ் 11ல போட்டிருக்கறன். பயப்படாதீங்க.


தரமணி ரூம் நம்பர் 6:

அக்கா, பழசு எதுக்கு? மூணாவதை எடுங்க. நான் ஒரு வருஷமா என்100 பெட்டிதான் வச்சிருக்கேன். கை அளவுதான் இருக்கும், சத்தமே வராது. இன்டெல்லே 6 வாட்னு போட்டிருக்கான். 2023ல வந்த சிப். யூட்யூப்ல இப்ப வர்ற ஏவி1 வீடியோவை நேரா டீகோட் பண்ணும், அந்த எட்டாம் தலைமுறையால அது முடியாது. விண்டோஸ் 11 உண்டு, வாரண்டி உண்டு. நாலு வருஷம் எவனோ தேய்ச்சதை வாங்கறதை விடப் புதுசு மேல்.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. அதோட வந்த எஸ்எஸ்டி ஏழாவது மாசம் செத்துப்போச்சு. பேர் தெரியாத கம்பெனி எஸ்எஸ்டி. வித்தவனுக்கு நாலு மெயில் போட்டேன், ரெண்டு மாசம் ஆகியும் பதில் இல்லை. நானே நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு குறையும் இல்லை.


திருப்புளி:

தம்பி, நீங்களே பதிலையும் சொல்லிட்டீங்க. உங்களுக்கு எஸ்எஸ்டி போச்சுன்னா பாட்டுக் கேட்க முடியாது. அக்காவுக்குப் போச்சுன்னா டிஎன்பிஎஸ்சி கடைசித் தேதி அன்னைக்குக் கடை வாசல்ல இருபது பேரு நிப்பாங்க.

என்100 கெட்ட சிப் இல்லீங்க. வீட்டுல பசங்க படிக்க, டிவிக்குப் பின்னால வெக்க நான் சிபாரிசே பண்ணுவன். ஆனா 4 கோர், ரேமுக்குப் போய் வர ஒரே பாதை. வேகம் கிட்டத்தட்ட ஆறாம் தலைமுறை ஐ5 அளவுதான். பெரும்பாலான பெட்டியில ரேம் ஸ்லாட் ஒண்ணு, சிலதுல ரேமையே ஒட்டி வெச்சிருப்பாங்க. பவர் பட்டன் போனாக் கூட உள்ளூர்ல பார்ட்ஸ் கெடைக்காது. ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் இவங்க லட்சக்கணக்குல போட்டதால ஃபேன், அடாப்டர், போர்டு எல்லாம் கழட்டி விக்கறவன் ஊருக்கு நாலு பேரு இருக்கான். நான் பார்க்கறது அதைத்தான்.


கணக்குப்பிள்ளை:

கரண்டைப் பத்தி யாரும் பேசலியே. பழைய சிபியு சும்மா வேலை செய்யும்போது 70 வாட்னு வைங்க. 10 மணி நேரத்துக்கு 0.7 யூனிட், மாசம் 26 நாளைக்கு 18 யூனிட் சொச்சம். சின்னப் பெட்டி சராசரி 15 வாட்னா 4 யூனிட். மாசம் 14 யூனிட் மிச்சம். ரெண்டு மாச பில்லுல 28. வீட்டுக்கு இலவச யூனிட் இருக்கறதால இது உறைக்காது...


பட்டுக்கோட்டை ஜெராக்ஸ்:

ஐயா, கடைக்கு ஏது இலவச யூனிட்! முதல் யூனிட்ல இருந்தே காசுதான், அதுவும் வணிக ரேட்டு.


கணக்குப்பிள்ளை:

அதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள முந்திக்கிட்டீங்க. கடைக்கு அந்த 28 யூனிட்டும் முழுக் காசு மிச்சம். இன்னொண்ணு யுபிஎஸ். பழைய 600 விஏ யுபிஎஸ் வச்சிருப்பீங்க. பெரிய பெட்டிகள்ல சிலது, கரண்ட் போய் யுபிஎஸ்சுக்கு மாறும்போது அணைஞ்சு எந்திரிக்கும். மலிவு யுபிஎஸ் குடுக்கற கரண்ட் படிக்கட்டு மாதிரி இருக்கும், அந்த எஸ்எம்பிஎஸ்சுக்கு அது பிடிக்காது. என் ஆபீஸ்ல அப்படி ஆகி, அடிச்சுக்கிட்டிருந்த கணக்கு ரெண்டு தடவை போச்சு. அடாப்டர் வச்ச பெட்டி ஒண்ணு இருக்கு, அது அசரவே இல்லை. பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ல மாட்டாதீங்க.

பில் கேட்டு வாங்குங்க. பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும். நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணினவரா இருந்து, காம்போசிஷன்ல (சின்ன வியாபாரத்துக்கான எளிய வரித் திட்டம்) இல்லாம இருந்தா, வரியைக் கழிச்சுக்க முடியுமான்னு உங்க ஆடிட்டரைக் கேளுங்க. காம்போசிஷன்னா கிடையாது. பதிவே இல்லைன்னாலும் பில் வேணும், இது திருட்டு மெஷின் இல்லைங்கிறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.


பட்டுக்கோட்டை ஜெராக்ஸ்:

வாங்கப் போகும்போது என்னத்தைப் பார்க்கணும்? தஞ்சாவூர்ல ரெண்டு கடை சொன்னாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா மலிவுங்கிறான் பையன், ஆனா பஸ் செலவு, ஒரு நாள் கடை அடைப்பு எல்லாம் சேர்த்தா அதே காசுதான் வருது. எதுனாச்சும் ஆச்சுன்னா திரும்பத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போகவும் முடியாது. நான் தஞ்சாவூரே போறேன்.


திருப்புளி:

தஞ்சாவூரே போங்க, சரியான முடிவு.

கையில ஒரு பென்டிரைவ், ஒரு ஹெட்ஃபோன் எடுத்துட்டுப் போங்க. மெஷினைப் போட்டதும் முதல்ல பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸுக்கு முன்னால வர்ற செட்டிங்குக்குள்ள, போகச் சொல்லுங்க. டெல்லுல எஃப்2, எச்பியில எஃப்10, லெனோவாவுல எஃப்1. பாஸ்வேர்டு கேட்டா அந்த மெஷினை அங்கயே வெச்சிட்டு வந்துருங்க. பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. கடைக்காரர் "அது ஒண்ணும் பண்ணாது மேடம்"பாரு. பண்ணும். உள்ள போனதும் பிராசசர் பேரு, ரேம், சீரியல் நம்பர் மூணையும் படிங்க. பெட்டியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் நம்பரும் பயாஸ் நம்பரும் ஒண்ணா இருக்கோணும். வேற வேறன்னா ரெண்டு மெஷினை ஒண்ணாக்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

அப்புறம் ஒவ்வொரு யுஎஸ்பியிலயும் பென்டிரைவைச் சொருகிப் பாருங்க, கடைக்காரர் மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல. எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். யூட்யூப்ல ஒரு பெரிய வீடியோவைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க. இருபது நிமிசம் கழிச்சுப் பெட்டி மேல கை வெச்சா சூடு தெரியோணும், கை எடுக்கற அளவுக்கு இருக்கக் கூடாது. ஃபேன்ல கரகரப்பு வந்தா விலையில 500 குறைங்க. அது ஒரு பெரிய விசயம் இல்ல, பிராசசர் மேல சூடு கடத்தற பேஸ்ட்டை மாத்தி ஃபேன் மாத்தினாச் சரியாயிரும்.

விண்டோஸ் ஆக்டிவேஷனும் பாருங்க. இந்தக் கம்பெனி மெஷின்கள்ல லைசன்ஸ் சாவி பயாஸ்லயே பதிஞ்சிருக்கும். சரியான பதிப்பை ஏத்தினா நெட் குடுத்ததும் தானா ஒத்துக்கும். இருந்தும் சில கடையில திருட்டுச் சாவி போட்டே தருவாங்க, எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, சோம்பேறித்தனமா இருக்கும்.

ரேம் 16 ஜிபி இருந்தாத் தேவலைன்னு சொல்லுவன். ஆனா இப்ப ரேம் விலை ஏறிக் கெடக்குது. 8 ஜிபியை ஒரே குச்சியாப் போட்டுத் தரச் சொல்லுங்க. நாலு நாலா ரெண்டு போட்டா அப்புறம் ரெண்டையும் கழட்டிக் கடாசோணும்.


பட்டுக்கோட்டை ஜெராக்ஸ்:

வாங்கிட்டேன்! அஞ்சு நாளா ஓடுது, அதான் எழுதுறேன்.

முதல் கடையில நாம பேசினது அப்படியே நடந்துச்சு. "எட்டாம் தலைமுறை மேடம், விண்டோஸ் 11 பாருங்க"ன்னு திரையைக் காட்டினார். எஃப்2 அமுக்கிக் காட்டுங்கன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். உள்ள போனா ஐ5-7500டி. ஏழுதானே போட்டிருக்குன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் மேடம், ஒரு நம்பர் வித்தியாசம்"னார். என் வீட்டுக்காரர் அப்பத்தான் முதல் தடவையா வாயைத் தொறந்தார்: "ஒரு நம்பர்ல டிஎன்பிஎஸ்சியில வேலையே போயிடும் சார்." அவர் ரெண்டு தடவை எழுதினவர்.

ரெண்டாவது கடையில ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனே எல்லாத்தையும் திறந்து காட்டினான். லெனோவா எம்720கியூ, ஐ5-8500டி, 8 ஜிபி ஒரே குச்சி, 256 எஸ்எஸ்டி. நம்பர் 'டி' எழுத்துல முடிஞ்சா 35 வாட் பிராசசர்னும் சொல்லிக் குடுத்தான். ஸ்டிக்கர் நம்பர் ஒத்துப்போச்சு. அஞ்சு யுஎஸ்பியிலயும் குத்திப் பார்த்தேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி நாலு. கூட முன்னாடி சின்னதா ஒரு சி டைப். 16,500 சொன்னான், 15,500க்கு முடிஞ்சுது. கன்வெர்ட்டர் 350. ஆறு மாச வாரண்டி, பில்லுல சீரியல் நம்பரோட. அடாப்டர் மஞ்ச நிறத்துல சப்பட்டையா ஒரு முனை, லெனோவா பேரோட இருக்கு. அதையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பையன் சிரிச்சான்.

எச்பி பெரிய பெட்டியும் அங்க இருந்துச்சு. ஒரு நிமிஷம் மனசு அதுக்குப் போச்சு. பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே அதுல மாட்டிக்கலாமே! 500 ஜிபி டிஸ்க், பல்லி அதை ஒண்ணும் பண்ணல. பத்து வருஷப் பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதுலதான். லெனோவாவுல அதுக்கு இடம் இல்ல. பையனே வழி சொன்னான். வெளிய வச்சு யுஎஸ்பியில மாட்டுற ஒரு பெட்டி, 3.5 இஞ்ச் டிஸ்க்குங்கிறதால தனியா 12 வோல்ட் அடாப்டரோட வந்துச்சு, 900 ரூபாய். ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் மாத்தி எடுத்துட்டேன்.

வானவில் எழுத்துருவுல அடிச்ச பழைய மனு எல்லாம் திறக்குது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் ஏத்த மட்டும் ரெண்டு மணி நேரம் போராட்டம். அதை விட பழைய காலத்து எழுத்துரு சிடி ஒண்ணு சுத்தமா ஏற மாட்டேங்குது. 16 பிட் நிரல்னு சொல்லி மூடிக்குது. அந்த சிடியில இருந்த எழுத்துக்கள் வேற எங்கயும் கிடைக்காதுன்னு கொஞ்சம் வருத்தம். அப்புறம் பழைய டிஸ்க்குலயே விண்டோஸ் ஃபான்ட்ஸ் போல்டர்ல இருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுத்துப் போட்டேன். வந்துடுச்சு.

இப்ப யுஎஸ்பி கணக்கு. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை. அஞ்சும் நிரம்பிடுச்சு. பென்டிரைவுக்கு? கீபோர்டையும் மவுஸையும் ஒரு ஹப்புல போட்டு ஒண்ணைக் காலி பண்ணி, முன்னாடி இருக்கறதுல எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டி, மேஜை விளிம்புல டபுள் டேப் போட்டு ஒட்டிட்டேன். நேத்து ஒருத்தர் பென்டிரைவைத் தலைகீழா வச்சு உள்ளங்கையால அமுக்கினார். திருப்புளி தம்பி, உங்களை நினைச்சுக்கிட்டேன்.

மொத்தம் 17,000 சொச்சம். செவுத்துல பலகை அடிச்சு அது மேல படுக்க வச்சிருக்கேன். வர்றவங்க "சிபியு எங்க?"ன்னு குனிஞ்சு மேஜைக்கு அடியில பார்க்குறாங்க.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நேத்து சாயங்காலம் கடை மூடும்போது பார்த்தா, அடாப்டர் மேல ஒரு பல்லி ஒட்டிக்கிட்டுக் குளிர் காயுது. சிபியு பின்னாடி இருக்கற காத்து ஓட்டையில கொசுவலைத் துணி ஒட்டிடலாமா?


திருப்புளி:

ஒட்டாதீங்க அக்கா. வலையில தூசி அடைச்சு ரெண்டே மாசத்துல காத்து போறது நின்னுரும், ஃபேன் கத்த ஆரம்பிக்கும். செவுத்துக்கும் பெட்டிக்கும் நாலு விரக்கடை இடம் விடுங்க. அடாப்டரை மட்டும் பலகைக்கு அடியில தொங்க விட்ருங்க, சூடு தேடி வர்றது அங்கயே உட்கார்ந்துக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வயரைக் கழட்டிட்டு, பின்னால இருக்கற ஒரே ஸ்குரூவைத் திருகி மூடியை நவுத்தி பிரஷ்ஷால தட்டி விடுங்க.

ராத்திரி கடை மூடும்போது கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காதீங்க, செவுத்து ஸ்விட்ச்சையும் அணைச்சிருங்க. அடாப்டர் ஆறிப்போச்சுன்னா அது வேற எடம் பார்த்துப் போயிரும்.


பட்டுக்கோட்டை ஜெராக்ஸ்:

சரி தம்பி. ரெண்டு நாளா ஸ்விட்சை அணைச்சிட்டுத்தான் போறேன். பல்லி இப்ப ஜெராக்ஸ் மெஷின்கிட்ட நிக்குது.